பழைய ஃபோர்க்லிஃப்ட் வாங்கலாமா? வடசென்னைக் கிடங்குக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதவரம், மணலி, விச்சூர், திருவொற்றியூர், செங்குன்றம் பகுதிகளில் கிடங்கோ சிறு தொழிற்கூடமோ நடத்துபவர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஃபோர்க்லிஃப்ட் ஒன்று விலைக்கு வரும்போது எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன. இதை எழுதுபவன் வண்டி விற்பவனும் அல்லன், தரகனும் அல்லன். மணலிக்கு அருகே ஒரு கிடங்கில் பல ஆண்டுகள் வண்டிகளின் பராமரிப்பைக் கவனித்தவன். ஒருமுறை தவறான வண்டியை வாங்கி, அதன் பலனை அனுபவித்தவன். பதில்கள் பெரும்பாலும் மூன்று டன் டீசல் வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படுவது அதுதான்.

பழைய வண்டி வாங்குவதா, புதியது வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

இதற்கு விடை வண்டியின் விலையில் இல்லை. உங்கள் கிடங்கில் அது ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்பதிலும், அது ஒரு நாள் நின்றுவிட்டால் உங்களுக்கு என்ன நேரும் என்பதிலும் இருக்கிறது. காலையில் இரண்டு லாரி இறக்கி, மாலையில் ஒரு லாரி ஏற்றி, மொத்தம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டிக்கு வேலை இல்லை என்றால், நன்றாகப் பார்த்து எடுத்த பழைய வண்டி உங்களுக்குப் பொருந்தும். இரண்டு ஷிஃப்ட் ஓட வேண்டியிருந்தாலோ, கன்டெய்னரைக் குறித்த நேரத்துக்குள் காலி செய்து அனுப்பாவிட்டால் ட்ரெய்லர்காரருக்குக் காத்திருப்புக் கட்டணம் கொடுக்க வேண்டிய நிலை இருந்தாலோ, ஒரே ஒரு பழைய வண்டியை நம்பி இறங்குவது வீண் துணிச்சல்.

மாதத்தில் நான்கைந்து நாள் மட்டுமே தேவைப்படுபவர்கள் வாங்கவே வேண்டாம். மணலியிலும் மாதவரத்திலும் ஆபரேட்டருடன் சேர்த்து நாள் வாடகைக்கே வண்டி கிடைக்கிறது. சொந்த வண்டி சும்மா நிற்கும்போதும் பேட்டரி இறங்கும், டயர் இறுகும், ஆயில் சீல் காயும் என்பதை வாடகையை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

எத்தனை டன் வண்டி தேவை? எங்களிடம் அதிகபட்சம் மூன்று டன் சரக்குதான் இருக்கிறது.

அப்படியானால் மூன்று டன் வண்டி உங்களுக்குப் போதாமல் போகலாம். வண்டியில் பதித்த திறன் தகட்டில் 3,000 கிலோ என்று இருந்தால், சரக்கின் எடைமையம், சரக்கைத் தாங்கும் இரட்டைக் கொம்பான ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து 500 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும்போது மட்டும் 3,000 கிலோ என்று பொருள். சரக்கு நீளமாக நீளமாக எடைமையம் முன்னே தள்ளிப்போகும். முன்சக்கர அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட தராசுதான் இந்த வண்டி என்பதால், வண்டியின் தாங்குதிறன் அதற்கேற்பக் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். முன்சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் முகம் வரை 480 மில்லிமீட்டர் உள்ள வண்டி என்று கொள்வோம். 1,200 மில்லிமீட்டர் நீளமுள்ள பேலட்டை நீளவாக்கில் தூக்கினால் எடைமையம் 600 மில்லிமீட்டரில் விழும். 3,000 என்பதை 980 ஆல் பெருக்கி 1,080 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,720 கிலோ வரும். இயந்திரம் அடைத்த 1,600 மில்லிமீட்டர் மரப்பெட்டி என்றால் எடைமையம் 800 மில்லிமீட்டர். தாங்குதிறன் ஏறத்தாழ 2,300 கிலோவுக்கு இறங்கிவிடும். இது தோராயக் கணக்கு. உயரம் கூடினால் இன்னும் குறையும். சைடு ஷிஃப்டர், காகித உருளையைப் பிடிக்கும் கிளாம்ப் போன்ற இணைப்புகள் மாட்டியிருந்தால் மேலும் குறையும். உண்மையான அளவை வண்டியில் பதித்த தகட்டின் அட்டவணைதான் சொல்ல வேண்டும். தகடே இல்லாத வண்டியின் திறனை விற்பவர் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

கன்டெய்னருக்குள் நுழைந்து ஏற்றி இறக்கும் வேலை இருந்தால் இன்னும் இரண்டு விஷயங்கள் உள்ளன. சாதாரண உயரமுள்ள கன்டெய்னரின் கதவுத் திறப்பு ஏறக்குறைய 2.28 மீட்டர், இறக்கிய நிலையில் மாஸ்ட்டும் (ஃபோர்க் ஏறி இறங்கும் முன்பக்கத் தூண்சட்டம்) ஆபரேட்டரின் தலைக்கு மேலுள்ள கூரைச்சட்டமும் அதற்குள் அடங்க வேண்டும். உள்ளே இரண்டாவது அடுக்கு வைக்க வேண்டுமென்றால், மாஸ்ட் உயராமல் ஃபோர்க் மட்டும் உயரும் ‘ஃப்ரீ லிஃப்ட்’ வசதி வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்ட் கூரையை இடிக்கும். அடுத்தது தரை. கன்டெய்னர் தரைக்கு நெடுங்காலமாக வைத்திருந்த சோதனை அளவு, ஃபோர்க்லிஃப்டின் ஓர் அச்சுக்கு 5,460 கிலோ. மூன்று டன் வண்டி தானே நான்கு டன்னுக்கு மேல் இருக்கும். முழுச் சுமையுடன் அந்த எடையில் பெரும்பகுதி முன்னச்சில்தான் இறங்கும் என்பதால் அது இந்த அளவைத் தாண்டிவிடும். கன்டெய்னருக்குள் இரண்டு டன் வண்டியை ஓட்டுவதே அதிகம் வழக்கத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீசலா, பேட்டரி வண்டியா?

திறந்தவெளி முற்றம், மேடுபள்ளமான தரை, மழைநீர் தேங்கும் வாசல் என்றால் டீசல். மூடிய கிடங்கு, வழுவழுப்பான சிமென்ட் தரை, அரிசி, பருப்பு, மருந்து போன்ற சரக்கு என்றால் பேட்டரி. செங்குன்றத்து அரிசிக் குடோன்களுக்குள் டீசல் வண்டி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். சாக்கின் மேல் படியும் கரியைவிட, ஆபரேட்டரின் நெஞ்சில் படியும் கரியை எண்ணித்தான் எனக்கு வருத்தம்.

மணலியில் எளிதில் தீப்பற்றும் ஆவி பரவக்கூடிய பொருள்களைக் கையாளும் வளாகங்களில் இந்த இரண்டு வகையிலும் சாதாரண வண்டி செல்லாது. அங்கே தீப்பொறி வெளியே வராதபடி தயாரித்துச் சான்று பெற்ற வண்டிதான் வேண்டும். அத்தகைய இடத்துக்கு ஒப்பந்தம் எடுத்திருப்பவர்கள் பழைய சந்தைக்குப் போவதற்கு முன் அந்த வளாகத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் பேசிவிடுவது நல்லது.

ஹவர் மீட்டரில் 6,000 மணி என்று காட்டுகிறது. நம்பலாமா?

ஒரு ஷிஃப்ட் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு 2,000 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி 6,000 காட்டினால், அது பெரும்பாலான நாள்களில் சும்மா நின்றிருக்க வேண்டும் அல்லது மீட்டர் நின்றிருக்க வேண்டும். மீட்டரை மாற்றுவது பத்து நிமிட வேலை. பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் கைப்பிடி, ஏறும் படியின் விளிம்பு, இருக்கையின் அடித்தகடு ஆகியவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். புது பெயின்ட் அடித்த வண்டியில் பெடல் ரப்பரும் புதிதாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும்.

வண்டியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நம்மில் பெரும்பாலோர் நேரே பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறோம். லாரி வாங்கிப் பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் எஞ்சின் கெட்டால் இறக்கிச் செய்து கொள்ளலாம். பல பழைய இந்திய ஃபோர்க்லிஃப்டுகளில் உள்ள சிம்ப்சன் எஞ்சின் நம் செம்பியத்தில் தயாரானதுதான். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி வடசென்னையில் யாரும் அலைய வேண்டியதில்லை. மாஸ்ட் வளைந்திருந்தாலோ சேசிஸ் விரிசல் விட்டிருந்தாலோ அந்த வண்டியைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எனவே முன்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஃபோர்க். அது தரையில் உரசி உரசி, வளைவு தொடங்கும் குதிகாலில்தான் அதிகம் தேயும். செங்குத்துப் பகுதியின் கனத்தை ஒரு காலிப்பரால் அளந்து கொள்ளுங்கள். அங்கே தேய்மானம் இருக்காது. பிறகு குதிகாலின் கனத்தை அளந்து ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அந்த ஃபோர்க் கழிவு என்று ஐ.எஸ்.ஓ. 5057 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது. 45 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் நாலரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வளையாமல் தாங்கும் வலிமை கனத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், கனத்தில் பத்து சதவீதம் போனால் வலிமையில் ஏறத்தாழ இருபது சதவீதம் போய்விடுகிறது. இரண்டு ஃபோர்க் நுனிகளின் உயரமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறுபாடு ஃபோர்க் நீளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 1,070 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்கு அது 32 மில்லிமீட்டர். குதிகாலிலோ மேல் கொக்கியிலோ வெல்டிங் தழும்பு கண்டால் அந்த ஃபோர்க்குக்கு மதிப்பே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சூட்டுப் பக்குவம் செய்த எஃகு. தெருமுனைப் பட்டறை வெல்டிங் அந்தப் பக்குவத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்தது செயின். அது அறுந்து விழுவதற்கு முன் நீளும். பின்கள் தேயத் தேய ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது சிறிதாக நீளம் கூடும். ஃபோர்க்கில் சிறிது சுமை ஏற்றிச் செயின் இறுகியிருக்கும்போது, கப்பியின் மேல் அடிக்கடி ஏறி இறங்கும் பகுதியில் இருபது கண்ணிகளை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். 19.05 மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு கண்ணியின் நீளம்) உள்ள செயினில் புதிதாக இருக்கும்போது இருபது கண்ணிகள் 381 மில்லிமீட்டர் இருக்கும். மூன்று சதவீதம் கூடி 392-ஐ எட்டிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். ஒரு செயின் மட்டும் புதிதாகவும் மற்றது பழையதாகவும் இருந்தால், அந்த வண்டியை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு மாஸ்ட் சட்டம். முழு உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, பின்னால் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகிறதா, நடுவில் குலுங்கி நின்று ஏறுகிறதா, இறங்கும்போது இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். ரோலர் பேரிங்கை மாற்றிவிடலாம். ரோலர் ஓடும் சேனலின் உள்முகம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அது பெரிய செலவு. மாஸ்ட்டின் அடியில் அச்சோடு இணையும் இடத்திலும், மாஸ்ட்டைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டர் சேசிஸோடு இணையும் இடத்திலும் அழுக்கைத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். விரிசலைப் புது பெயின்ட் கண்ணுக்கு மறைத்தாலும் விரலுக்கு மறைப்பது கடினம்.

எஞ்சினை எப்படிச் சோதிப்பது?

போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால், நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். போனதும் ரேடியேட்டர் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வாருங்கள். பழைய டீசல் எஞ்சினின் உண்மை அது குளிர்ந்திருக்கும்போது போடும் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளிப்படும்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் வெண்புகை சிறிது நேரத்தில் மறைந்தால் குறையில்லை. சூடான பிறகும் தொடர்ந்தால் கம்ப்ரஷனையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். சுமை தூக்கும்போது மட்டும் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்ட்டரோ இன்ஜெக்டரோ காரணமாக இருக்கும். அது சிறிய செலவிலேயே தீரக்கூடியது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். அங்கிருந்து புகை ரயில் எஞ்சின்போல் குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங்குகளின் ஆயுள் முடிந்துவிட்டது. ஓவர்ஹாலிங் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இதற்காக மட்டும் வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கியர், பிரேக், ஸ்டியரிங் இவற்றில் என்ன பார்ப்பது?

டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் முன்னும் பின்னும் மாற்றும்போது வண்டி உடனே பிடித்து நகர வேண்டும். ஓரிரு வினாடி தயங்கிப் பிறகு உதறிக்கொண்டு கிளம்பினால் கிளட்ச் பேக் தேய்ந்திருக்கிறது. கியர் ஆயிலின் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் அது நல்ல செய்தி இல்லை. சாதாரண கிளட்ச் வண்டி என்றால் சோதனை நாம் லாரியில் செய்வதுதான்.

முன்சக்கரங்களின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஹப் சீல் போய், கியர் ஆயில் பிரேக் லைனர் மேல் இறங்கிவிட்டால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஹேண்ட் பிரேக்கைச் சமதரையில் சோதிப்பது வீண்; லாரி ஏற்றும் சாய்தளத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புவது. பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டினால் கிங் பின், லிங்க் பின் தேய்மானம் தெரிந்துவிடும். சாலிட் டயர்களில் தேய்மான எல்லையைக் காட்டும் கோடு பக்கவாட்டில் இருக்கும். அதைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. மூன்று டன் வண்டிகளில் பொதுவாக முன்னே 28×9-15, பின்னே 6.50-10 அளவு டயர்கள் வரும். நான்கையும் மாற்றும் செலவு சிறியதன்று. பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றப் பிரஸ் மெஷின் வேண்டும் என்பதால் அந்தக் கூலியும் சேரும்.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து வண்டிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்கிறார்களே?

உண்மைதான்; ஆனால் பாடியில் தெரியும் துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம். கடற்காற்றின் உப்பு செய்யும் பெரிய கெடுதல் ஹைட்ராலிக் சிலிண்டரின் ராடில்தான். பளபளவென்றிருக்கும் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள் விழும். ராடு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அந்தக் குழிகளின் விளிம்பு ஆயில் சீலை அரம்போல் அறுக்கும். புது சீல் போட்டால் இரண்டு மாதத்தில் மறுபடியும் கசியும். ராடுக்கு மீண்டும் ஹார்டு குரோம் போடும் வரை இந்தத் தொல்லை தீராது. எனவே லிஃப்ட், டில்ட் சிலிண்டர்களின் ராடுகளை முழுக்க நீட்டச் சொல்லி, துணியால் துடைத்து, நகத்தால் வருடிப் பாருங்கள். உரம், உப்பு, ரசாயன மூட்டை கையாண்ட வண்டி என்றால் இந்தச் சோதனையை இருமுறை செய்யுங்கள்.

உப்பைவிட மோசமானது வெள்ளம். 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் பகுதியில் எத்தனையோ கிடங்குகளில் நீர் புகுந்தது. எண்ணூர், மணலிப் பக்கம் அந்த இரண்டாம் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. மூழ்கிய வண்டிகளைக் கழுவி, பெயின்ட் அடித்து விற்பது நடக்கத்தான் செய்யும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நான் வாங்கிய தவறான வண்டியும் அப்படிப்பட்டதுதான். விற்றவர் வெளியூர் வண்டி என்றார். மூன்றாம் மாதம் ஸ்டியரிங் தூணின் உறையைக் கழற்றியபோது உள்ளே காய்ந்த சேறு ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தது. அன்றிலிருந்து பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த உறையைக் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். ஒயரிங் கட்டுகளின் இடுக்கு, இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட்டுகள், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றில் சேற்றுத்தடமோ பச்சைப் பூப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் ஆயிலோ கியர் ஆயிலோ மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் கலந்திருக்கிறது.

சுமை வைத்துச் சோதிக்க விற்பவர் விடவில்லை. என்ன செய்வது?

வந்த வழியே திரும்புங்கள். வெறும் ஃபோர்க்கை மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. ஓய்ந்துபோன பம்ப்கூட வெறும் ஃபோர்க்கை உற்சாகமாகத் தூக்கும்.

எடை தெரிந்த சுமை வேண்டும். விற்பவரிடம் இருக்கும் ஏதோ ஓர் இரும்புத்துண்டை ‘ரெண்டு டன் இருக்கும் சார்’ என்று சொல்லி வைப்பதை ஏற்காமல், எடைச்சீட்டு உள்ள சரக்கைக் கேளுங்கள். ஆயில் சூடேறிய பிறகு சோதிப்பது முக்கியம். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் கசிவு மறைந்திருக்கும். தகட்டில் உள்ள திறனளவுக்குச் சுமை ஏற்றி, உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு, மாஸ்ட்டில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்து அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளங்கள். சர்வதேசத் தரம் அனுமதிக்கும் உச்ச அளவு 100 மில்லிமீட்டர்; அதே பத்து நிமிடத்தில் மாஸ்ட் முன்னால் சாய்வது ஐந்து டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பத்து நிமிடமும் தூக்கிய சுமையின் அடியிலோ அருகிலோ யாரையும் நிற்கவிடாதீர்கள். விற்பவர் அப்போது டீ சாப்பிட அழைத்தால் டீயை அங்கேயே வரவழைத்துக் கொள்ளுங்கள்.

எடை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். எதற்கு?

பலர் இதைச் செய்வதில்லை; ஆனால் சிறிய கட்டணத்தில் இவ்வளவு சொல்லும் சோதனை வேறில்லை. தகட்டில் வண்டியின் சொந்த எடை பதிக்கப்பட்டிருக்கும். எடை மேடையில் அதைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால், யாரோ பின்னால் இரும்புக்கட்டி சேர்த்து மூன்று டன் வண்டியை நாலு டன் தூக்க வைத்திருக்கிறார்கள். முன்சுமையை ஈடுகட்டப் பின்னால் இருக்கும் எடையான கவுண்டர் வெயிட்டைக் கூட்டினால் வண்டி கவிழாமல் இருக்கலாம். ஆனால் மாஸ்ட், செயின், அச்சு, பிரேக் எதுவும் அந்தக் கூடுதல் சுமைக்குச் செய்யப்பட்டதில்லை. அவை இத்தனை காலம் என்ன பாடுபட்டன என்பதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட முடியாது. எடை குறைந்திருந்தால் வேறு மாடலின் கவுண்டர் வெயிட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அது இன்னும் ஆபத்து.

அந்தச் சீட்டால் இன்னொரு பயனும் உண்டு. நான்கு டன் சொச்சம் இரும்பை இன்றைய காயலான் கடை விலைக்குப் பெருக்கிப் பாருங்கள். அதுதான் அந்த வண்டியின் அடிவிலை. பேரம் எங்கே தொடங்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும்.

பேட்டரி வண்டி வாங்கினால் என்ன கவனிக்க வேண்டும்?

வண்டியை வாங்குகிறோம் என்று நினைக்காமல் பேட்டரியை வாங்குகிறோம் என்று நினையுங்கள். லெட் ஆசிட் பேட்டரி நன்றாகப் பராமரித்தால் ஏறத்தாழ 1,500 முறை சார்ஜ் தாங்கும். தினம் ஒருமுறை என்றால் ஐந்து ஆண்டு. புதிய பேட்டரியின் விலை, சில வேளைகளில் பழைய வண்டிக்கு நீங்கள் கொடுக்கும் விலையையே தொட்டுவிடும்.

முழுச் சார்ஜ் ஏற்றி, ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் அளந்து எழுதுங்கள். 48 வோல்ட் பேட்டரியில் 24 செல்கள் இருக்கும். நல்ல செல் 1.27 முதல் 1.29 வரை காட்டும். ஓரிரு செல்கள் மட்டும் மற்றவற்றைவிட 0.02-க்கு மேல் குறைந்திருந்தால் அவை சோர்ந்துவிட்டன. பேட்டரியே இந்த வண்டியின் கவுண்டர் வெயிட்டில் ஒரு பகுதி என்பதால், தகட்டில் பேட்டரிக்குக் குறைந்தபட்ச எடை குறிப்பிட்டிருக்கும். பணத்தை மிச்சப்படுத்தச் சிறிய பேட்டரியை மாட்டிய வண்டி, சுமையோடு பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சார்ஜர் அந்தப் பேட்டரிக்கு உரியதா என்பதையும், சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் தங்காதபடி உங்களிடம் காற்றோட்டமான இடம் இருக்கிறதா என்பதையும் முடிவு செய்துகொண்டு பிறகு பேசுங்கள்.

ஏலத்தில் எடுத்தால் மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்கும். அரசுத்துறை நிறுவனங்கள், மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் இணைய ஏலத்தில் பழைய இயந்திரங்களை ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்ற நிபந்தனையோடு விற்கின்றன. அந்த நிபந்தனையின் பொருள், பிறகு நீங்கள் எதற்கும் வாய் திறக்க முடியாது என்பதே. பார்வையிட ஒதுக்கும் நாள்களில் மெக்கானிக்கோடு நேரில் போகாமல் விலை கேட்கக்கூடாது. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு அடிவிலைக்கு மேல் அதிகம் போகாதீர்கள்.

என்னென்ன ஆவணங்கள் கேட்க வேண்டும்? ஆர்.டி.ஓ. பதிவு தேவையா?

தொழிற்சாலைக்குள்ளோ வேறு மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்தவென்று அமைந்த சிறப்பு வகை வண்டி, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவின்படி மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வராது. ஆகவே உங்கள் வளாகத்துக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்டுக்கு ஆர்.சி. புத்தகம் இருக்காது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கக் குடோனுக்குப் போவது சிறு தூரம்தானே என்று ஓட்டினால், அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடும்.

ஆர்.சி. இல்லாததால் உரிமையை நிறுவ விலைப்பட்டியல் ஒன்றுதான் ஆதாரம். விற்பவர் வாங்கியபோது பெற்ற பில், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் குறிப்பிட்ட விற்பனை பில் ஆகிய இரண்டையும் கேளுங்கள். தகட்டில் உள்ள எண், சேசிஸில் பொறித்த எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்று வேண்டும். விற்பது கம்பெனி என்றால் அதன் சொத்துகள் மேலுள்ள கடன் பதிவுகளை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஃபோர்க்லிஃப்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், முறையான பில் இருந்தால் பதிவு பெற்ற வணிகர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்ளலாம் என்பதால், ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்ற பேச்சில் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை.

தூக்கும் கருவிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவர் ஆய்ந்து சான்றளிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்படுத்திய வழக்கம் ஃபோர்க்லிஃப்டுக்கும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பழைய சான்றுகளின் நகல்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுச் சான்றுகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பவரின் வண்டி, பெரும்பாலும் ஒழுங்கான வண்டியாகவே இருக்கும்.

விலையை எப்படிப் பேசி முடிப்பது?

பேரத்துக்கு உட்காரும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஃபோர்க், செயின், நான்கு டயர், சீல் கிட், பிரேக், பேட்டரி என்று எது எது மாற்ற வேண்டுமோ அவற்றுக்குக் கடையில் விசாரித்த விலை, மெக்கானிக் கூலி, அந்த வேலை முடியும் வரை நீங்கள் வாடகை வண்டி வைக்க ஆகும் செலவு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உதிரிப் பாகம் கிடைப்பதும் விலையில் ஒரு பகுதியே. கோத்ரெஜ், பழைய வோல்டாஸ் போன்ற இங்கே பரவலாக ஓடிய வண்டிகளுக்குப் பாரிமுனைக் கடைகளிலேயே பேரிங்கும் சீலும் தேடி எடுத்துவிடலாம். கப்பலில் வந்திறங்கிய, இங்கே கிளை இல்லாத வெளிநாட்டு வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் ஒரு கன்ட்ரோல் கார்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

விற்பவர் கேட்கும் விலையோடு உங்கள் தாளின் கூட்டுத்தொகையையும் சேர்த்தால் வருவதே உண்மை விலை. அது புதிய வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன்.

வாங்கிய வண்டியை எப்படிக் கொண்டுவருவது?

தாழ்வான தளமுள்ள ட்ரெய்லரில் ஏற்றி வாருங்கள். சாதாரண லாரியில் ஏற்றினால் மாஸ்ட்டின் உயரம் தரையிலிருந்து மூன்றரை மீட்டரை எட்டும். வியாசர்பாடி கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளைத் தவிர்த்து வழியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சாய்தளத்தில் ஏற்றும்போது வண்டியின் கனமான பின்பக்கம் மேட்டுப் பக்கம் இருக்குமாறு, பின்நோக்கி ஓட்டி ஏற்றும்படி ஆபரேட்டரிடம் பேசிவிடுங்கள். ஃபோர்க்கை முழுவதும் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேசிஸில் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். தலைக்கு மேலுள்ள கூரைச்சட்டத்தில் கட்டுவதோ, கிரேன் கொக்கியை அதில் மாட்டித் தூக்குவதோ கூடாது. பகலில் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டால் வாடகை ஏறிக்கொண்டே போகும். விடியற்காலையில் புறப்படச் சொல்லுங்கள்.

வந்திறங்கிய அன்றே வேலையில் இறக்கிவிடாதீர்கள். எஞ்சின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கியர் ஆயில், அவற்றின் ஃபில்ட்டர்கள், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்து, தகுதி பெற்றவரை வரவழைத்து உங்கள் பெயரில் புதிய சான்று வாங்குங்கள். வடித்த பழைய ஹைட்ராலிக் ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு வைத்து, காலையில் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பாருங்கள். நீர் தங்கியிருந்தால் விற்றவரை அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். பாக்கித் தொகையில் ஒரு பகுதியை அந்த நாள் வரை கையில் வைத்திருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.